புழுதிப் பயிரின் மஞ்சள்: மணமேல்குடி நெல்வயலில் மண்ணும் நீரும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் மணமேல்குடி, ஆவுடையார்கோவில் பக்கம் நாற்றுவிட்டு நடும் வயலைவிடப் புழுதியில் விதைத்த வயலே அதிகம் கண்ணில் படும். காய்ந்த மண்ணை உழுது நெல்லைத் தெளித்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருப்பார்கள். முதல் மழையில் முளைக்கும் பயிர், வயலில் தண்ணீர் கட்டும்வரை மானாவாரிப் பயிர்தான். நன்செய் நெல் என்ற பெயர் அதற்குப் பிறகே பொருந்தும். இந்த இடைப்பட்ட வாரங்களில் காரத்தன்மை மிகுந்த துண்டுகளில் குருத்து இலை வெளுக்கிறது. உடனே யூரியா மூட்டை பிரிக்கப்படுகிறது.

யூரியாவுக்கு அங்கே வேலையில்லை. தழைச்சத்து பயிருக்குள் இடம்பெயரக் கூடியது. பற்றாக்குறை வந்தால் பயிர் முதிர்ந்த இலையிலிருந்து அதை உருவிக் குருத்துக்கு அனுப்பும், அதனால் அடியிலை முதலில் மஞ்சளாகும். இரும்பு அப்படி நகராது. இளம் இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் நின்றால், கடுமையானால் தாள்போல் வெளுத்தால், குறை இரும்பில் இருக்கிறது. எந்த இலை முதலில் மாறியது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் உரம் வாங்கப் போவது வீண் செலவு.

மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. டென்மார்க்கின் சோரன்சன் 1909-இல் வகுத்த பி.எச். அளவுகோலில் ஒரு படி ஏறுவது, அமிலத்தன்மை பத்தில் ஒன்றாகக் குறைவதற்குச் சமம். காற்றோட்டமுள்ள மண்ணில் இரும்பின் கணக்கு இன்னும் கடுமை: ஒரு படி ஏறினால் கரையும் ஃபெரிக் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். பி.எச். 8-ஐத் தாண்டிய புழுதியில், துருவாக உறைந்த இரும்புக்கு நடுவிலேயே பயிர் பட்டினி கிடக்கிறது.

இங்கேதான் தண்ணீர் உள்ளே வருகிறது. இலங்கையில் பிறந்து, பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பெலிக்ஸ் பொன்னம்பெருமா, நீர் தேங்கிய மண்ணின் வேதியியல் பற்றி 1972-இல் எழுதிய நீண்ட கட்டுரை இத்துறையில் இன்றும் அடிப்படை நூல்போலப் படிக்கப்படுகிறது. தண்ணீர் கட்டிய சில வாரங்களில் அமில மண்ணின் பி.எச். ஏறுகிறது, கார மண்ணின் பி.எச். இறங்குகிறது, இரண்டும் நடுநிலையான 7-ஐ ஒட்டி வந்து நிற்கின்றன. கார மண்ணில் இதைச் செய்வது, தேங்கிய நீருக்குள் சேரும் கரியமில வாயு. உயிர்வளி தீர்ந்ததும் ஃபெரிக் இரும்பு, கரையக்கூடிய ஃபெரஸ் இரும்பாக மாறுகிறது. வெளுத்த குருத்து தானே பச்சை பிடிப்பது இதனால்தான். யூரியா போட்டவர் யூரியாவைப் புகழ்வார். மழை புகழ் கேட்பதில்லை.

அப்படியானால் கோடையில் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த காய்ந்த மண் மாதிரிக்கு ஆய்வகம் தரும் எண் எதைச் சொல்கிறது? புழுதிக் காலத்துப் பயிரின் நிலையைச் சரியாகவே சொல்கிறது. ஐப்பசி வயலின் நிலையை அன்று. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் எண்ணை விவசாயியின் கைக்குக் கொண்டுவந்தது பெரிய காரியம். ஆனால் மணமேல்குடி போன்ற இடத்தில் ஒரே வயலுக்கு ஒரே பருவத்தில் இரண்டு பி.எச். உண்டு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

மேட்டூர்த் திட்டத்தோடு வந்த கல்லணைக் கால்வாயின் கடைமடை நாகுடி, மும்பாலைப் பகுதி. காவிரி நீர் அங்கே பிந்தினால் பாசனம் மட்டும் பிந்துவதில்லை, மண்ணின் மாற்றமும் பிந்துகிறது. அதுவரை தாக்குப்பிடிக்க 1 சதவீத அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசலை, அதாவது 100 லிட்டர் நீருக்கு 1 கிலோ வீதம், இலைமேல் தெளிப்பது பயன் தரும். அதையே கார மண்ணில் கொட்டினால் சில நாளில் துருவாகிவிடும்.

தண்ணீரையே மருந்தென்று கொள்ளவும் முடியாது. தேங்கிய நீர் இரும்பை விடுவிக்கும்போது துத்தநாகத்தைப் பூட்டுகிறது. இளம்பயிரின் கீழ் இலைகளில் துருநிறப் புள்ளி தெரிந்து வளர்ச்சி நின்றால் சந்தேகம் அதன்மேல் விழ வேண்டும். பந்த்நகரில் ஒய்.எல். நேனே 1966-இல் துத்தநாகக் குறையென்று காட்டிய 'கைரா' இதுவே. அதுவரை அது நோயென்றே கருதப்பட்டது. ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் அடியுரமாக இடுவது தமிழகத்தில் பழகிய பரிந்துரை.

கடலோரம் என்பதால் மஞ்சள் கண்ட இடமெல்லாம் ஜிப்சம் போடும் வழக்கத்தையும் கேள்வி கேட்க வேண்டும். உவர் நிலத்தில் கரையும் உப்பு மிகுதி, பி.எச். பெரும்பாலும் 8.5-க்குள். அதற்கு நல்ல நீரும் வடிகாலும் போதும். களர் நிலத்தில் சோடியம் மண்துகளில் ஒட்டியிருக்கும், பி.எச். 8.5-ஐத் தாண்டும். ஜிப்சத்துக்கு வேலை இருப்பது அங்கேதான், அதுவும் பிரிந்த சோடியத்தை வெளியேற்ற வடிகால் இருந்தால். இரண்டையும் பிரிக்க பி.எச். மட்டும் போதாது, மின்கடத்து திறனையும் பார்க்க வேண்டும்.

மஞ்சள் என்றாலே மண்குறை என்றும் எண்ணிவிடக் கூடாது. இதே மாவட்டத்தின் வம்பன் பயறு ஆராய்ச்சி மையம் மஞ்சள் தேமலைத் தாங்கும் உளுந்து ரகங்களை வெளியிட்டிருக்கிறது. அந்த மஞ்சளைக் கொண்டுவருவது வெள்ளை ஈ சுமக்கும் வைரஸ். திட்டுத் திட்டாக, பக்கத்துச் செடியை விட்டுவிட்டு வரும். மண்குறை அப்படிச் செடி பார்த்து வராது, வயலில் ஒரு துண்டு முழுக்கப் படரும்.