பின்னணிப் படத்தின் ஸ்தானம்: சி.எஸ்.எஸ். சரித்திரத்தில் ஓர் ஆராய்ச்சி

வலைப்பக்கத்தின் எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு படத்தை விரித்துவைக்கும் வழக்கம், 1995ஆம் ஆண்டில் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 1.1 என்னும் உலவியால் பிரசித்தி பெற்றது. தரையில் பதித்த ஓடுகளைப்போல அப்படம் பக்கமெங்கும் திரும்பத் திரும்பத் தோன்றிற்றேயன்றி, ஓரிடத்தில் ஒருமுறை மட்டும் நிற்குமாறு கட்டளையிட அன்றைய எச்.டி.எம்.எல். மொழியில் உபாயம் இல்லை. கண் கூசும் சித்திரங்களின்மேல் எழுத்துகளைத் தேடிப் படித்த அக்காலத்து வாசகர்களின் பொறுமை போற்றுதற்குரியதே.

இக்குறையை நீக்கியது, ஹோகோன் வியும் லீயும் பெர்ட் போஸும் இயற்றி, 1996 டிசம்பர் 17 அன்று வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளியான, பக்கத்தின் தோற்றத்தை விதிக்கும் சி.எஸ்.எஸ். மொழியின் முதல் நிலை விதித்தொகுதியாகும். அதில் இடம்பெற்ற ‘பேக்கிரவுண்ட்-பொசிஷன்’ என்னும் பண்பு, படத்தின் ஸ்தானத்தை மேல், கீழ், இடம், வலம், நடு என்னும் சொற்களாலும், பிக்சல் முதலிய அளவுகளாலும், சதவீதத்தாலும் குறிக்க வழிதந்தது. இவற்றுள் சதவீத விதியே நுட்பம் மிக்கது. 75 சதவீதம் என்று எழுதினால் படத்தின் இடது விளிம்பு, அப்படத்தைத் தாங்கும் பெட்டியின் முக்கால் தூரத்தில் நிற்கும் என்று எண்ணத் தோன்றும். விதியோ, படத்தின் அகலத்தில் முக்கால் பங்கிலுள்ள புள்ளியும் பெட்டியின் அகலத்தில் முக்கால் பங்கிலுள்ள புள்ளியும் ஒன்றுசேர வேண்டும் என்கிறது. ஆகவே 1000 பிக்சல் அகலமுள்ள பெட்டியில் 200 பிக்சல் படம் 750இல் அன்று, 600இல் தொடங்கும். நூறு சதவீதம் என்றால் படம் வெளியே தள்ளப்படாமல் வலது விளிம்பை ஒட்டி நிற்பதும், ஐம்பது என்றால் சரிநடுவில் அமைவதும், படமும் பெட்டியும் ஒரே அகலமாயின் எந்தச் சதவீதமும் அதனை அசைக்கமாட்டாமையும் இவ்விதியின் விளைவுகளே.

அலங்காரத்துக்கென்று பிறந்த இப்பண்பு, பின்னர் தன் உத்தேசத்துக்கு அப்பாற்பட்ட சுமைகளைத் தாங்க நேர்ந்தது. பக்கத்தை வகுக்க அட்டவணைகளைப் பயன்படுத்துவதைக் கைவிட்டு, பெட்டிகளை இடமோ வலமோ ஒதுக்கும் ஃப்ளோட் முறையால் பத்திகளை அமைக்கத் தொடங்கிய வடிவமைப்பாளர், உள்ளடக்கம் குறைந்த பத்தி பாதியிலேயே முடிந்துவிடக் கண்டு திகைத்திருந்த வேளையில், டான் சீடர்ஹோம் 2004 ஜனவரியில், இரு பத்திகளின் நிறங்களையும் தாங்கிய மெல்லிய படமொன்றை மேலிருந்து கீழாக அடுக்கிச் சம உயரத் தோற்றத்தை உண்டாக்கும் உபாயத்தை எழுதினார். அவ்வாண்டு மார்ச்சில் டேவ் ஷே விளக்கிய ‘ஸ்பிரைட்’ முறை இதனினும் துணிகரமானது: பல சின்னங்களை ஒரே கோப்பில் சேர்த்து, எதிர்மறை அளவுகளால் அப்படத்தை நகர்த்தி, வேண்டிய சின்னம் மட்டும் பெட்டிக்குள் தெரியச் செய்வது. ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி வேண்டுகோள் அனுப்பவேண்டியிருந்த அக்காலத்தில் இதனால் பக்கம் விரைந்து வந்தது. ஆனால் ஒரு சின்னத்தின் அளவு மாறினாலும் எண்கள் பலவற்றைத் திருத்தும் தொல்லையை, என் அபிப்பிராயத்தில் அளவுக்கு மீறியே, அது கொணர்ந்தது.

இத்தனைக்கும், அகலம் மாறும் பெட்டியொன்றில் வலது விளிம்பிலிருந்து 20 பிக்சல் உள்ளே படத்தை நிறுத்தும் எளிய காரியத்துக்கு நெடுங்காலம் நேர்வழி இல்லாதிருந்தது விந்தையே. எந்த விளிம்பிலிருந்தும் அளக்க இடந்தரும் நான்கு மதிப்பு வடிவத்தைச் சி.எஸ்.எஸ். மூன்றாம் நிலையே வழங்கிற்று. 2015இல் எச்.டி.டி.பி./2 நெறிமுறை ஒரே இணைப்பில் பல கோப்புகளை ஒருங்கே அனுப்ப வகைசெய்ததும், 2017இல் பத்திகளைச் சம உயரத்தில் அமைக்கவல்ல கிரிட் முறை முக்கிய உலவிகளில் இடம்பெற்றதும் பழைய சுமைகளை இறக்கிவைத்தன. இனி இப்பண்புக்கு அலங்காரமே உரிய பணி: பின்னணிப் படத்துக்கு, படத்தைக் காண இயலாதார்க்கு உதவும் மாற்றுரை எழுத இடமில்லையாதலால், பொருளுடைய படத்தை இமேஜ் குறியில் வைப்பதே தகும். அங்ஙனம் வைத்த படத்தை நிலைநிறுத்தும் ‘ஆப்ஜெக்ட்-பொசிஷன்’ பண்பும் 1996ஆம் ஆண்டின் சதவீத விதியையே பின்பற்றுகிறது.