கரிசல் காட்டில் உட்கார ஒரு கல்

நம்மூர் பூங்காவிலோ பேருந்து நிலையத்திலோ சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். சாயும் இடத்தில் என்ன எழுதியிருக்கும்? 'உபயம்' என்று போட்டு, கீழே கொடுத்தவர் பெயர். அவ்வளவுதான்.

ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் குயெல் பூங்கா என்று ஒன்று உள்ளது. 1900-க்கும் 1914-க்கும் இடையில் கௌடி என்ற கட்டிடக் கலைஞர் அமைத்தது. உடைந்த ஓடுகளைப் பதித்து, அலை போல வளைந்து போகும் நீண்ட இருக்கை அங்கே இருக்கிறது. உட்காரும் இடமே ஒரு கலைப்பொருள்! கோவில்பட்டியில் அப்படி ஒன்று வைத்தால் எதைச் செதுக்கலாம் என்று யோசித்தேன். வரலாற்றைப் புரட்டியதும் பட்டியல் நீண்டுவிட்டது.

முதலில், பக்கத்தில் இருக்கும் கழுகுமலை. 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலச் சிற்பிகள் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து வெட்டுவான் கோவிலை உருவாக்கினார்கள். வேலை முடியவில்லை, ஆனால் விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார்! இயற்கையான மலையும் இசையும் அங்கே ஒன்றாகிவிட்டன. அதே மலையின் முருகன் மீதுதான் 19-ஆம் நூற்றாண்டில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடினார்.

அடுத்தது எட்டயபுரம். முத்துசாமி தீட்சிதர் இந்த ஊருக்கு வரும் வழியில் வறண்ட நிலத்தைக் கண்டு அமிர்தவர்ஷினி ராகத்தில் பாடினார், மழை கொட்டியது என்பார்கள். கதையோ நிஜமோ, மானாவாரி மண்ணின் ஏக்கம் அதில் இருக்கிறது. 1835-ல் அவர் மறைந்ததும் இங்கேதான். அவர் வழிவந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெரிய இசைநூல் 1904-ல் வெளிவந்ததும் எட்டயபுரத்தில்தான்.

பிறகு, கோவில்பட்டியில் குடியேறி 1964-ல் மறைந்த நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போடும் அந்த நாதஸ்வரம் அவருடையது.

சிலையும் மணிமண்டபமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் விஷயம் தெரிந்தவர்கள். பெஞ்சு அப்படியல்ல. சந்தைக்கு வந்த பாட்டியும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பையனும் அதில் உட்காருவார்கள். ஒரு பக்கம் நாதஸ்வரம், ஒரு பக்கம் காவடி, நடுவில் பருத்திச்செடியும் பனைமரமும் செதுக்கியிருந்தால், "இது என்ன பாட்டி?" என்று ஒரு குழந்தையாவது கேட்காதா?

உபயம் கொடுப்பவர் பெயரை ஓரத்தில் போட்டுக்கொள்ளட்டும். நடுவில் இவர்களுக்கும் கொஞ்சம் இடம் விடலாமே. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?