நெடுந்தீவு: யாழ்ப்பாணக் கடலில் ஒரு கடைசித் தீவு

நெடுந்தீவு, இலங்கையின் வட மாகாணத்தில் பாக்கு நீரிணையில் அமைந்துள்ள தீவாகும். யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்த தீவுகளில் கரையிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது இதுவே. பரப்பளவு சுமார் 50 சதுர கிலோமீட்டர். பனைகளும் புல்வெளிகளும் நிறைந்த இத்தீவு தனியொரு பிரதேச செயலகப் பிரிவாக உள்ளது. மக்கள்தொகை 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 4,000க்கும் குறைவு.

பழைய கடல்வழி

இத்தீவுகள் பண்டைய வணிகப் பாதையில் இருந்தவை. அருகிலுள்ள நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் (12ஆம் நூற்றாண்டு) தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் சிதைந்தால் சரக்கில் நான்கில் ஒரு பங்கும், பிற வணிகப் பொருள் ஏற்றிய கப்பலானால் பாதியும் அரசுக்கு உரியவை என அது கூறுகிறது. நயினாதீவே மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் என்று கருதுவோரும் உண்டு. அங்கு அமுதசுரபி பெற்ற மணிமேகலை, பின்னர் பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு வந்து மக்களின் பசி தீர்த்ததாகக் காப்பியம் சொல்கிறது.

ஐரோப்பியர் ஆட்சி

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர் இத்தீவைப் 'பசுக்களின் தீவு' என்று தம் மொழியில் அழைத்தனர். பவளப் பாறைக் கற்களால் கட்டப்பட்ட கோட்டையின் இடிபாடுகள் அவர்கள் காலத்தவை எனப்படுகின்றன. 1658இல் வந்த டச்சுக்காரர், தீவுகளுக்குத் தம் நாட்டு ஊர்களின் பெயர்களைச் சூட்டினர். நயினாதீவு 'ஹார்லெம்' ஆயிற்று; புங்குடுதீவு 'மிடில்பர்க்' ஆயிற்று; நெடுந்தீவு 'டெல்ஃப்ட்' ஆயிற்று. மற்ற பெயர்கள் மறைந்துபோக, டெல்ஃப்ட் மட்டும் ஆங்கில வழக்கில் நிலைத்துவிட்டது.

குதிரைகள்

டச்சுக்காரர் இங்கே குதிரைப் பண்ணை நடத்தினர். 1795இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயரும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைத் தொடர்ந்தனர். பண்ணை கைவிடப்பட்டபின் எஞ்சிய குதிரைகள் காட்டுக் குதிரைகளாகப் பெருகின. இன்றும் அவை தீவின் தென்பகுதி வெளிகளில் கூட்டமாக மேய்கின்றன. கோடையில் நீர்நிலைகள் வற்றும்போது பல மடிகின்றன. குடிநீர்த் தட்டுப்பாடு மனிதருக்கும் உண்டு. பல கிணறுகளின் நீர் உவர்ப்பானது.

காண வேண்டியவை

யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்தில் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறைக்குச் சென்று, அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரம் படகில் பயணித்தால் நெடுந்தீவை அடையலாம். சாந்து இல்லாமல் பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள் தெருவெங்கும் காணப்படும். ஒவ்வொரு வீட்டுக்கும் தோட்டத்துக்கும் எல்லை அவையே. டச்சுக் காலப் புறாக்கூடு, அராபிய வணிகர் கொண்டுவந்ததாக நம்பப்படும் பெருக்கமரம், மக்கள் வழிபடும் 'வளரும் கல்' ஆகியன பிற சின்னங்கள்.

குமுதினிப் படகு

இம்மக்களுக்குப் படகே பாதை. மருத்துவம், மேற்படிப்பு, சந்தை எதற்கும் கடலைக் கடந்தாக வேண்டும். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. குழந்தைகள் உட்பட 20க்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். தாக்கியவர்கள் கடற்படையினர் என உயிர்தப்பியோர் கூறினர். இறந்தோரின் எண்ணிக்கை பட்டியலுக்குப் பட்டியல் வேறுபடுகிறது. ஆண்டுதோறும் அந்நாளில் தீவில் நினைவஞ்சலி நடைபெறுகிறது.

இன்றைய நிலை

போர்க் காலத்தில் பலர் யாழ்ப்பாணத்துக்கும் வெளிநாடுகளுக்கும் இடம்பெயர்ந்தனர். பூட்டிய வீடுகளும் கவனிப்பாரற்ற வேலிகளும் அதன் அடையாளங்கள். இப்போது மீன்பிடித்தல், பனைத்தொழில், கால்நடை வளர்ப்பு ஆகியவற்றோடு சுற்றுலாவும் வருவாய் தருகிறது. கோட்டையும் குதிரையும் பார்க்க வருவோர் பெரும்பாலும் மாலைப் படகிலேயே திரும்பிவிடுகின்றனர். ஆட்சிகள் விட்டுச்சென்ற கற்களைக் காப்பதைவிட, இங்கே வாழ்வோருக்கு நல்ல குடிநீரும் தடையற்ற படகுப் போக்குவரத்தும் கிடைப்பதே தீவின் எதிர்காலத்தை முடிவு செய்யும்.