பசியும் தந்தையும்: ‘அஷிதா நோ ஜோ’ மாங்காவில் உடல்

‘அஷிதா நோ ஜோ’ 1968 முதல் 1973 வரை கொதான்ஷா நிறுவனத்தின் ‘ஷோனென் மேகசின்’ வார இதழில் தொடராக வந்த குத்துச்சண்டை மாங்கா. இக்கி கஜிவாரா, அசாவோ தகமோரி என்ற பெயரில் கதை எழுத, தெத்சுயா சிபா படம் வரைந்தார். கதையில் நாயகன் ஜோவின் எதிராளி ரிகீஷி இறந்ததும் 1970 மார்ச்சில் அவனுக்கு டோக்கியோவில் இறுதிச்சடங்கே நடந்தது. கவிஞர் ஷூஜி தெராயாமா முன்னின்று நடத்தினார். அதே மாதம் விமானம் கடத்திய இடதுசாரி இளைஞர்கள் தங்களை ஜோவாகவே அறிவித்துக்கொண்டனர். இதனால் இப்படைப்பை மாணவர் கிளர்ச்சிக் காலத்தின் ஆவணமாக வாசிப்பது வழக்கமாயிற்று. அந்த வாசிப்பு தவறன்று. ஆனால் சிபாவின் கோடுகள் மிகத் தீவிரம் கொள்ளும் இடங்களை அது விளக்குவதில்லை. அந்த இடங்களில் அரசியல் இல்லை, பசி இருக்கிறது. பசிக்குப் பின்னால் சிதைந்த குடும்பம் இருக்கிறது.

ஜோ யாபுகி அநாதை. கூலித் தொழிலாளர்கள் நெருங்கி வாழும் சன்யாவுக்கு வந்து சேர்பவனை ஒற்றைக்கண் பயிற்சியாளர் தன்பெய் கண்டெடுக்கிறார். பின்னர் சிறார் சிறையில் அடைபடும் அவனுக்கு அவர் அஞ்சலட்டை அனுப்புகிறார். அதில் இடக்கை ஜாப் குத்தை விடும் முறை எழுதியிருக்கிறது. தந்தையின் இடத்தைப் பாடம் நிரப்புகிறது.

ரிகீஷியின் எடைக்குறைப்பே படைப்பின் உச்சம். பெரிய உடல்கொண்டவன், ஜோவோடு மோதுவதற்காகவே பாண்டம்வெயிட் பிரிவுக்கு இறங்குகிறான். தாகம் தாளாமல் இரவில் குழாயைத் தேடிப் போனால் எல்லாக் குழாய்களும் கம்பியால் கட்டப்பட்டிருக்கின்றன. அவனை ஆதரிக்கும் செல்வந்தர் வீட்டுப் பெண் யோகோ ஒரு கோப்பை வெந்நீர் நீட்டுகிறாள். நன்றி சொல்லி, அதைத் தரையில் ஊற்றிவிடுகிறான். ஒட்டிய கன்னமும் குழிந்த கண்ணும் கனத்த நிழலுமாகச் சிபா வரைந்த இந்தப் பக்கங்கள், எந்தக் குத்தையும்விட வாசகரை அதிகம் வதைப்பவை. ஆட்டத்தில் ரிகீஷி வெல்கிறான். வென்ற மேடையிலேயே சாய்ந்து உயிர்விடுகிறான்.

இதன் மறுபக்கம் கொரியக் குத்துச்சண்டை வீரன் கிம். கொரியப் போரில் பட்டினி கிடந்த சிறுவன், உணவுக்காக ஒரு படைவீரனைக் கல்லால் அடித்துக் கொல்கிறான்; இறந்தவன் தன் தந்தை, அந்த உணவு தனக்காகவே கொண்டுவரப்பட்டது என்பதைப் பின்னர் அறிகிறான். அதன்பின் அவன் வயிறு உணவை ஏற்பதில்லை. மஞ்சூரியாவில் வளர்ந்து, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் குடும்பத்தோடு தப்பி ஜப்பான் திரும்பியவர் சிபா. இப்பகுதியின் வலிமையில் அந்த அனுபவத்துக்குப் பங்குண்டு என்று கருத இடமிருக்கிறது.

கிம்மின் கதை கேட்டுக் கலங்கும் ஜோ, மேடையில் அவனிடம் அடிவாங்கும்போதுதான் வேறுபாட்டை உணர்கிறான்: கிம்முக்குப் பசி நேர்ந்தது, ரிகீஷி அதைத் தானே தேர்ந்தான். இந்த உணர்வே அவனுக்கு வெற்றி தருகிறது. விமர்சகர்கள் இங்கே நின்றுவிடலாம்; படைப்பு நிற்பதில்லை. ஜோவின் தோழன் நிஷி, எடைக்குறைப்பு நாளில் ஒளிந்து உடோன் நூடுல்ஸ் தின்று ஜோவிடம் அடிபட்டவன். அவன்தான் பின்னர் குத்துச்சண்டையை விட்டு, வேலைபார்த்த கடையின் மகள் நோரிகோவை மணந்து குடும்பஸ்தன் ஆகிறான். ஜோவை முதலில் விரும்பியவள் அவள். ஜோவோ எரிந்து வெண்சாம்பலாவதையே வேண்டினான். பசிக்குத் தோற்றவனுக்கு மட்டுமே கஜிவாராவும் சிபாவும் வீடு கொடுத்திருக்கிறார்கள்.