செங்குன்றம் ஏரியில் ஒரு மஞ்சள் வளையம்

காட்டுப்பள்ளிக்குத் தென்மேற்கே இருக்கிற செங்குன்றம் ஏரி, இரண்டாம் உலகப்போரில் பறக்கும் படகுகளின் தளம். 1942 முதல் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன் கேட்டலினாக்கள் அங்கிருந்துதான் வங்கக்கடலைக் காவல் காத்தன.

பழைய போர் விமான சிமுலேட்டருக்கு கேட்டலினா வரைகிறவர்கள் உடம்புக்கு அவ்வளவு மெனக்கெட்டுவிட்டு, புரொப்பல்லரில் கோட்டை விட்டுடறாங்க. சுழலும் வட்டைக் கறுப்பாக நிரப்பினால் தட்டு மாதிரி இருக்கும். இன்ஜின் 2700 சுற்றில் ஓடினாலும் பல்சக்கரம் வேகத்தைக் குறைப்பதால் புரொப்பல்லர் நிமிடத்துக்குச் சுமார் 1500 தடவைதான் சுற்றும், நொடிக்கு 25. அதற்கே மூன்று அலகும் கண்ணுக்குத் தெரியாது. நடுவில் கொஞ்சம் அடர்த்தி, வெளியே போகப்போக மங்கல், விளிம்பில் மெல்லிய மஞ்சள் வளையம். நுனிக்கு மஞ்சள் பூசியதே பக்கத்தில் நிற்கிறவன் தலை தப்பணும்னுதான்!

நிற்கும் புரொப்பல்லருக்குத் தனிப் படம் வேணும். அதில் அலகின் முன்விளிம்புப் பெயின்ட் உரிந்து அலுமினியம் தெரியட்டும். தெறிக்கிற தண்ணீர் அரித்த தடம் அது.