மலாக்காவின் மூவாயிரம் பீரங்கிகள்

மலாக்கா நகரிலே சந்தியாகு வாயில் எனப்படும் பழங்கோட்டை வாயிலைக் காணாத தமிழர் இம்மாநிலத்தில் அரியர். ஜாசினிலிருந்தும் அலோர்காஜாவிலிருந்தும் தோட்டத்து மக்கள் விடுமுறை நாட்களில் குழந்தை குட்டிகளுடன் வருகின்றனர். வாயிலின் முன்னுள்ள பழைய பீரங்கிகளைத் தடவிப் பார்க்கின்றனர். பிள்ளைகளை அவற்றின்மேல் ஏற்றிவைத்துப் படம் எடுத்துக்கொண்டு மீள்கின்றனர். எவ்வளவு பெரிது என்று வியப்போர் பலர். சுட்டால் அது எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்று கேட்போர் சிலரே. அக்கேள்வியையே ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். பீரங்கி என்பதும் பறங்கி என்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஐரோப்பியரைக் குறிக்க அராபியரும் பாரசீகரும் வழங்கிய சொல்லே, ஆளுக்கும் அவன் கொணர்ந்த கருவிக்கும் பெயராயிற்று. ஆயின் வெடி நம் சொல். மலாய் மொழியில் துப்பாக்கியைக் குறிக்கும் ‘பெடில்’ என்பது நம் ‘வெடில்’ என்னும் சொல்லிலிருந்தே பிறந்ததென்பர் அகராதி வல்லார். வெடிமருந்தை மலாயர் ‘ஊபாட் பெடில்’ என்பர். ஊபாட் என்றால் மருந்து. உயிரைக் காக்கும் பொருளின் பெயரையே உயிரைப் போக்கும் பொருளுக்கும் இட்டதில் இவ்விரு மொழிகளும் ஒத்திருப்பது வேடிக்கையே. நிற்க.

1511ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அபான்சோ டி அல்புகர்க்கு என்னும் போர்த்துகீசியத் தளபதி, 18 கப்பல்களோடும் ஏறத்தாழ 1,200 வீரரோடும் மலாக்காவின் முன் நங்கூரமிட்டான். அவருள் சில நூற்றுவர் மலையாளக் கரையைச் சேர்ந்தோர். ஆகஸ்டு முடிவதற்குள் நகரம் வீழ்ந்தது. அங்கே 3,000 பீரங்கிகள் கைப்பற்றப்பட்டன என்றும், அவற்றுள் 2,000 வெண்கலத்தாலானவை என்றும், கோழிக்கோட்டுச் சாமூதிரி அனுப்பிய மிகப் பெரிய பீரங்கி ஒன்றும் அவற்றுள் இருந்ததென்றும், அத்தளபதியின் மகன் பிராஸ் என்பான் 1557இல் வெளியிட்ட நூல் கூறுகின்றது. மலாக்காவின் பீரங்கி வார்ப்போர் ஜெர்மனி நாட்டாருக்கு இளைத்தவரல்லர் என்றும் அந்நூல் புகழ்கின்றது.

மலாயரின் வரலாற்று நூலாகிய ‘செஜாரா மெலாயு’வோ வேறு விதமாகக் கூறும். பறங்கியர் சுட்டபோது நகரத்தார் அவ்வோசையை இடியென்று மயங்கினராம்; துப்பாக்கியின் ஒலி சட்டியில் பயறு வறுபடுவது போன்று அவர் காதில் விழுந்ததாம்; உருண்டையான ஒரு பொருள் கூர்மையின்றியே எங்ஙனம் ஆளைக் கொல்கிறதென்று திகைத்தனராம்.

மூவாயிரம் பீரங்கி வைத்திருந்தவர் குண்டைக் கண்டு திகைப்பரோ? இரண்டும் உண்மையாக இருத்தல் இயலாது. எவன் எழுதினான், எதற்காக எழுதினான் என்று பார்த்தாலன்றி இம்முடிச்சு அவிழாது. வென்றவனின் மகனுக்குப் பகைவன் வலியவனாக இருத்தல் வேண்டும். அப்பொழுதுதானே தந்தையின் புகழ் உயரும்! தோற்றவரின் வழிவந்தோர்க்கு, வந்த படைக்கலம் எவரும் கண்டிராத விந்தையாக இருத்தல் வேண்டும். அப்பொழுதுதானே தோல்விக்கு மானக்கேடு குறையும்! குஜராத்தியரும் சீனரும் தமிழரும் நாடோறும் வந்து இறங்கிய துறைமுகத்தில் பீரங்கியை அறியாதார் இருந்தனர் என்பதை நாம் நம்ப இயலவில்லை. மூவாயிரம் என்னும் தொகையையும் அப்படியே விழுங்குவதற்கில்லை. அந்நகரில் எண்ணாயிரம் இருக்குமென்று முன்னர்க் கணக்கிட்டவன் ரூயி டி அராவுஜோ என்னும் போர்த்துகீசியக் கைதி. சிறைப்பட்டிருந்தவன் நகர் முழுதும் சுற்றி எண்ணியிருப்பானா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

தொகை மெய்யே என்று கொள்வோம். அவற்றின் மதிப்பு என்ன? மூவாயிரத்திற்கும் ஆளுக்கு ஒன்றாக நிறுத்தலாகாது. மருந்திட ஒருவன், குறிபார்த்துத் தீயிட ஒருவன் என்று இருவரை வைத்தாலும் ஆறாயிரம் பயின்ற ஆட்கள் வேண்டும். கைப்பற்றியவற்றுட் பெரும்பாலானவை கோட்டைச் சுவரைத் தகர்க்கும் பீரங்கிகளல்ல. படகின் விளிம்பிலோ வேலியின் மேலோ பொருத்தி ஆளை நோக்கிச் சுடும் சிறு சுழல் பீரங்கிகள் என்றே வரலாற்றாசிரியர் கருதுகின்றனர். பிற்காலத்து மலாயர் லேலா, ரெந்தாக்கா என்று அழைத்தவை இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

பீரங்கியை ஆய்பவன் முதலில் உலோகத்தைப் பார்ப்பான். செம்பு ஒன்பது பங்கும் ஈயம் ஒரு பங்கும் சேர்ந்தது வெண்கலம். ஈண்டு ஈயமென்றது இந்நாட்டின் வெள்ளீயத்தையே. இரும்பு மலிவு; ஆனால் உள்ளே கீறல் விட்டிருந்தால் முன்னறிவிப்பின்றி வெடித்துச் சுடுபவனையே கொல்லும். வெண்கலம் விலை மிகுந்தது. எனினும் வெடிப்பதற்கு முன் பெரும்பாலும் வீங்கிக் காட்டும். அடுத்துப் பார்க்க வேண்டியது குழாய்க்கும் குண்டுக்கும் உள்ள பொருத்தம். இடைவெளி மிகுந்தால் வெடித்த காற்று பக்கவாட்டில் ஓடிவிடும். குண்டு பாதித் தொலைவில் விழும். பல ஊர்களில் வாங்கிய பலவகைக் குழாய்களுக்கு ஒரே குண்டு பொருந்தாது. போர் நடக்கும்போது பொருந்தும் குண்டைத் தேடிக்கொண்டிருக்கவும் முடியாது. இறுதியாக மருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்ததே அது. நூற்றுக்கு 75, 15, 10 என்னும் அளவு பிற்காலத்தில் நிலைபெற்றது. வெடியுப்பு தூய்மையற்றதாயின் ஈரத்தை ஈர்க்கும். மலாக்காவின் காற்று எத்தகையதென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. துணி உலர்த்தும் வீட்டுப் பெண்டிரே சொல்லுவர். பால்மரம் சீவுகின்றவர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும்: கொட்டகையில் நூறு கத்தி கிடப்பதால் ஒரு வாளிப் பாலும் சேர்வதில்லை.

இனிப் போரைப் பார்ப்போம். ஜூலை 25இல் பறங்கியர் ஆற்றுப் பாலத்தைப் பிடித்தனர். வெயிலாலும் களைப்பாலும் அன்றே பின்வாங்கினர். அவரைப் பெரிதும் அஞ்ச வைத்தது பீரங்கியன்று. ஊதுகுழலினின்று பாயும் நஞ்சு தோய்ந்த சிறு அம்பே. மூங்கிற் குழல் வெண்கலத்தை விஞ்சியது! பின்னர் உயரமான மரக்கலம் ஒன்றில் பீரங்கிகளை ஏற்றி, பாலத்தை நோக்கி ஆற்றில் செலுத்தினர். அது மணலில் தட்டிப் பல நாள் நின்றது. பெருவெள்ளம் ஏறியபின் பாலத்தை அடுத்தது. பாலத்தினும் உயர்ந்த அதன் மேற்றளத்திலிருந்து சுட்டபோது பாலத்திலிருந்தோர் நிற்க இடமின்றிப் போயினர். ஆகஸ்டு 10இல் பாலம் மீண்டும் பிடிபட்டது. வென்றவை சில பீரங்கிகளே. ஆனால் அவை நின்ற இடம் சரியான இடம்.

இப்போரில் நம்மவர் பங்கும் உண்டு. அதை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று. கைதியாயிருந்த போர்த்துகீசியருக்கு உதவியவர், நைனா சட்டு என்று அவர்கள் எழுதிய தமிழ் வணிகர். நயினா செட்டி என்பதே அவர் பெயராதல் வேண்டுமென்பர். குஜராத்தி வணிகர் சுல்தான் பக்கம் நின்றனர். இவரோ பறங்கியர் பக்கம் சாய்ந்தார். அவரைத் துரோகி என்பாரும் உளர். காலமறிந்த வணிகர் என்பாரும் உளர். நாம் கூறுவது இதுவே: எந்தப் பீரங்கி வெல்லும் என்று அவர் எடை போட்டது சரியாயிற்று, அதைச் சுட்டவரை எடை போட்டதுதான் பிழைத்தது. வெற்றிக்குப்பின் அவரை இந்துக்களுக்குப் பெந்தகாராவாக நியமித்த பறங்கியர், 1514இல் அப்பதவியைப் பறித்துக் கம்பார் அரசனுக்கு அளித்தனர். அவர் மானம் பொறாது தீ வளர்த்து அதில் மாண்டார்.

பறங்கியர் கட்டிய கோட்டை 130 ஆண்டுகள் நின்றது. 1640இல் டச்சுக்காரரும் ஜொகூர்ப் படையினரும் அதை முற்றுகையிட்டனர். உள்ளிருந்தோர் பசியாலும் கொள்ளை நோயாலும் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். 1641 ஜனவரி 14இல் கோட்டை வீழ்ந்தது. அப்போது டச்சுக்காரர் பத்தாவியாவுக்குக் கொண்டுசென்ற ஒரு பீரங்கியின் கதை கேட்கத்தக்கது. அக்காலத்துப் போர்த்துகீசியக் குடியேற்றமான மக்காவு நகரில் வார்க்கப்பட்டது அது; எடை ஏறத்தாழ மூன்றரை டன்; சி ஜாகூர் என்று பெயர். தன்னிலிருந்தே தான் மீண்டும் பிறந்ததாக அதன்மேல் லத்தீனில் பொறித்திருக்கின்றது. பழைய பீரங்கியை உருக்கி வார்த்தனர் என்பதே இதன் பொருள். ஆனால் மக்களோ அதற்கு மலர் சாத்தினர். பிள்ளைவரம் வேண்டிப் பெண்கள் அதன்மேல் அமர்ந்தனர். மலாக்காவைக் காக்க இயலாத பீரங்கி, மலடு நீக்குமாம்! இப்போது அது ஜகார்த்தாவின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. பினாங்குக் கோட்டையிலுள்ள ஸ்ரீ ரம்பாய் என்னும் 1603ஆம் ஆண்டு டச்சுப் பீரங்கிக்கும் இதே வழிபாடு நடந்ததுண்டு.

மலாக்காக் கோட்டையை இறுதியாக அழித்ததும் வெடிமருந்தே. 1807இல் ஆங்கிலேயர் அதை இடிக்கத் தொடங்கினர். அதனைக் கண்டு எழுதியவர் 1796இல் மலாக்காவிற் பிறந்த முன்ஷி அப்துல்லா. வணிகக் கணக்குக்கு வேண்டுமென்று அக்காலத்து மலாக்காவின் நல்ல குடும்பத்தார் தம் பிள்ளைகளைத் தமிழ் படிக்க வைத்தனர். அவரும் அவ்வாறு தமிழ் படித்தவரே. கோட்டைக்குள் பேய்கள் குடியிருக்கின்றன என்று அஞ்சிக் கூலியாட்கள் சுவரைத் தொடத் தயங்கினர் என்கிறார் அவர். பிறகு பார்க்குவார் துரை சுவரின் அடியில் குழி தோண்டி மருந்தை நிரப்பித் தீ மூட்டச் செய்தார். யானையளவும் வீட்டளவுமான கற்கள் பறந்து கடலில் விழுந்தன. நம் பிள்ளைகள் இன்று படம் எடுத்துக்கொள்ளும் அவ்வொரு வாயில் மட்டும் எஞ்சிற்று.