தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் குடிநீர்த் தரம்

தமிழ்நாட்டின் வடமேற்கில் அமைந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளாகும். 2004 வரை இவை ஒரே மாவட்டமாக இருந்தன. கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் மட்டுமே குடித்துவந்த ஊர்களில் பல்லில் காவிக்கறை படிந்தவர்களும், மூட்டு இறுகி நடை தளர்ந்தவர்களும் ஏராளம். இந்நிலையை மாற்றவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டது.

காரணங்கள்

இப்பகுதியின் அடிநிலம் நைஸ், சார்னோகைட், கிரானைட் போன்ற கடினப் பாறைகளால் ஆனது. அவற்றிலுள்ள அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்டு ஆகிய கனிமங்களில் ஃபுளோரைடு உண்டு. பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தேங்கும் நீர் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. நீரில் கால்சியம் போதிய அளவு இருந்தால் ஃபுளோரைடின் ஒரு பகுதி அதனுடன் சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்து பைகார்பனேட் மிகுந்த நீரில் அது கரைந்தே நிற்கும். மழை குறைவும் மிகையான நீர் எடுப்பும் நிலைமையை மோசமாக்குகின்றன.

ஃபுளோரைடுக்கு நிறமோ மணமோ இல்லை. கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். ஆகவே தெளிந்த நீரை நல்ல நீர் என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய இயலாது.

உடல்நலப் பாதிப்பு

பற்கள் உருவாகும் குழந்தைப் பருவத்தில் மிகுதியான ஃபுளோரைடு உடலில் சேர்ந்தால் பல் எனாமல் கெட்டு, முதலில் சுண்ணாம்பு போன்ற வெண்கோடுகளும் பின்னர் மஞ்சள், பழுப்புக் கறைகளும் தோன்றும். இக்கறைகள் துலக்கினால் போவதில்லை. பல்லாண்டுகள் இந்நீரைக் குடிப்போருக்கு எலும்பு ஃபுளோரோசிஸ் வரலாம்: கழுத்து, முதுகு, முழங்கால் இறுகி வலிக்கும், முற்றினால் உடல் வளையும். இதை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. கால்சியமும் வைட்டமின் சி-யும் நிறைந்த உணவு ஓரளவு துணைசெய்யும். நல்ல நீரே முதன்மையான தடுப்பு.

தர வரம்புகள்

இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயமான ஐஎஸ் 10500, ஃபுளோரைடு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடங்களில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5 மில்லிகிராமே. நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலி பாக்டீரியா ஒன்றுகூட இருக்கலாகாது.

கண்காணிப்பு

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் நீர் மாதிரிகளைச் சோதிக்கின்றன. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின் வழிகாட்டுதல்படி ஒவ்வொரு நீராதாரத்தையும் வேதியியல் சோதனைக்கு ஆண்டுக்கு ஒரு முறையும், நுண்ணுயிர்ச் சோதனைக்கு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னுமாக இரு முறையும் உட்படுத்த வேண்டும். ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளும் பயிற்சி தரவும் இந்த இயக்கம் வகை செய்துள்ளது. மாதிரி நீரில் வேதிக்கரைசலைச் சேர்த்து, தோன்றும் நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு ஃபுளோரைடு அளவை மதிப்பிடலாம். வரம்பு மீறியதாகத் தெரிந்தால் ஆய்வகத்தில் உறுதி செய்ய வேண்டும்.

தரத்தை உயர்த்தும் வழிகள்

படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் கலந்து ஃபுளோரைடைப் படியச் செய்யும் நல்கொண்டா முறையை நாக்பூரிலுள்ள நீரி நிறுவனம் உருவாக்கியது. செலவு குறைவு, ஆனால் சேறு மிகும், நீரில் அலுமினியம் எஞ்சும் வாய்ப்பும் உண்டு. ஊக்குவிக்கப்பட்ட அலுமினா வடிகட்டியை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் ஃபுளோரைடை நன்கு நீக்கினாலும் கணிசமான நீரைக் கழிவாக்குகிறது. பராமரிக்க ஆளும் பணமும் தொடர்ந்து கிடைக்காத சிற்றூர்களில் இக்கருவிகள் நீடிப்பதில்லை.

எனவே ஃபுளோரைடு குறைந்த ஆற்று நீரைக் கொண்டுவருவதே நிலையான தீர்வாகக் கருதப்பட்டது. காவிரியிலிருந்து நீர் எடுக்க 1998-இல் கர்நாடகத்துடன் இணக்கம் ஏற்பட்டது. 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டபோது அம்மாநிலத்தில் எதிர்ப்பு கிளம்பியதால் பணி சிறிது காலம் தடைப்பட்டது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பிலான ஒகேனக்கல் திட்டம் 2013 மே 29 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. நகரங்கள், பேரூராட்சிகளுடன் 6,000-க்கும் மேற்பட்ட ஊரகக் குடியிருப்புகளும் இதில் அடங்கும். ஃபுளோரோசிஸ் பற்றிய விழிப்புணர்வுப் பணியும் திட்டத்தின் ஓர் அங்கம்.

ஊரளவிலான பராமரிப்பு

சுத்திகரிப்பு நிலையத்தில் நீர் நல்லதாக இருப்பது மட்டும் போதாது. ஆற்று நீர் போதாத நாள்களில் ஆழ்துளைக் கிணற்று நீரையும் அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றினால், கலக்கும் அளவுக்கேற்ப ஃபுளோரைடு உயரும். குழாய் கசியும் இடத்தில் சாக்கடை நீர் உள்ளே புகலாம். தொட்டியைக் குறித்த நாளில் கழுவுதல், 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடர் இடுதல், கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருப்பதை உறுதி செய்தல் ஆகியவை தொட்டி இயக்குநரின் அன்றாடக் கடமைகளோடு பிணைந்தவை. ஃபுளோரைடு மிகுந்த கிணறுகளையும் கைப்பம்புகளையும் அடையாளமிட்டு, குடிக்கவும் சமைக்கவும் அல்லாத தேவைகளுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும்.

சோதனை முடிவுகள் ஆய்வகப் பதிவேட்டோடு நின்றுவிடாமல் கிராம சபையில் வாசிக்கப்பட்டால் மக்கள் தங்கள் நீரைப் பற்றி அறிந்து கேள்வி கேட்க முடியும். குழந்தைகளின் பற்களைக் காக்க வேண்டுமானால், நீரின் தரம் அவர்கள் குடிக்கும் குழாயிலேயே அளக்கப்பட வேண்டும்.